கொல்லைக் கோழியின் தீனிக் கணக்கு

பொழுது சாய்ந்து கோழிகள் அடையும் நேரத்தில், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தடியில் புடைத்திருக்கும் தீனிப்பையை விரலால் அமுக்கிப் பார்ப்பது எங்கள் அப்பத்தாவின் வழக்கம். பை கெட்டியாக இருந்தால் கோழியைப் பஞ்சாரத்துக்குள் விட்டுவிடுவார். தொளதொளவென்று இருந்தால் ஒரு கை நொய்யை வாரிப் போடுவார். ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் ஊர்களில் இன்றும் இப்படிப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த விரல் சொல்வதில் பாதிதான் கிடைக்கிறது. பை நிறைந்திருக்கிறதா என்று தெரியும். எதனால் நிறைந்தது என்று தெரியாது. வெறும் சோற்றால் நிறைந்த பையும், கரையானும் கீரையும் சிந்திய நெல்லுமாக நிறைந்த பையும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் படும். முட்டைக்கு அவை ஒன்றல்ல.

ஐந்து கோழி, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் முட்டைக்கோழிக்கு என்ன போடுவது என்று கேட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று விதமாகப் பதில் வரும். பெரியவர்கள் 'நாட்டுக்கோழிக்கு எதுக்குத் தீனி, அது மேஞ்சுக்கும்' என்பார்கள். புதிதாக வளர்க்க வந்தவர்கள் கடையில் லேயர் தீவன மூட்டை வாங்கிப் போடுகிறார்கள். கைபேசியில் காணொளி பார்த்தவர்கள் அசோலாத் தொட்டி கட்டுகிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: இந்தக் கொல்லையில் இந்தக் கோழிக்கு எது ஏற்கெனவே கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை? நான் பார்த்த வரையில் நம் மாவட்டத்துக் கோழிக்குத் தானியம் குறையவில்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தான் குறைகின்றன. நாம் கை நீட்டிப் போடுவதோ பெரும்பாலும் தானியம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 40 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டை ஒன்றில் ஏறக்குறைய 5 கிராம் புரதம் இருக்கிறது. அதன் ஓட்டில் ஒன்றரை கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தன் உடம்பையும் பார்த்துக்கொண்டு முட்டையும் இடவேண்டுமானால், முட்டையிடும் நாட்களில் கோழிக்கு நாளொன்றுக்கு 12, 13 கிராம் புரதமாவது வேண்டும். 80 கிராம் வெள்ளை அரிசியில் கிடைப்பது ஐந்தரை கிராம். கால்சியமோ ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தானியங்களிலேயே கால்சியத்துக்குப் பேர்போன கேழ்வரகை அதே 80 கிராம் போட்டாலும் கால் கிராமுக்குச் சற்று மேல்தான் தேறும். ஓட்டுக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, அரிசியை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் கோழி கொழுக்கும், முட்டை வராது.

வெள்ளைச் சோறும் கோழியும் சேர்ந்த கதை ஒன்று மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவா தீவின் பட்டாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் ஆய்வுக்காகக் கோழி வளர்த்தார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றையே தின்ற அந்தக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று தீட்டும்போது போய்விடுகிறது என்று தெரிந்தது அங்கேதான். பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கோழிகள் கொல்லையில் கிளறித் தின்பதால் அந்த நோய் வரைக்கும் போவதில்லை. கிளற இடம் இல்லாத கூண்டில் வைத்துச் சோறு மட்டும் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

மேய்கிற கோழி உண்மையில் எதைத் தின்கிறது என்பதை ஊகமாகச் சொல்லாமல் திறந்தே பார்த்தவர்கள் உண்டு. இலங்கையில் குணரத்ன, ராபர்ட்ஸ் முதலானோர் கிராமத்துக் கோழிகளின் தீனிப்பையை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் பேசப்படுவது. பையில் இருந்ததில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட வீட்டிலிருந்து கொட்டிய சோறும் கழிவும். மிச்சம்தான் புல் துளிர், புழு பூச்சி, நெல். 'அது மேஞ்சுக்கும்' என்று நாம் விட்டுவிடும் கோழி மேய்வது பெரும்பாலும் நம் அடுப்படியைத்தான். ராபர்ட்ஸ் இன்னொன்றையும் சொன்னார்: ஓர் ஊரில் சிந்திக் கிடக்கும் தீனிக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் கோழி பெருகினால் தீனி பெருகாது. போட்டியில் தோற்கும் குஞ்சுகள்தான் சாகும். பருந்தும் கீரியும் தூக்கிப்போனதாக நாம் எழுதும் கணக்கில் பசியால் சோர்ந்து பின்தங்கிய குஞ்சுகளும் சேர்ந்திருக்கின்றன.

அந்த எல்லை நம் பக்கத்தில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. உரலில் நெல் குத்திய காலத்தில் நொய்யும் தவிடும் வாசலிலேயே விழுந்தன. களத்தில் கதிரடித்துத் தூற்றிய பிறகு பதரோடு கிடந்த நெல் ஒரு மாதத்துக்குக் கோழிக்குக் காணும். கட்டுத்தறியில் சாணம், எருக்குழியில் புழு, வைக்கோற்போரடியில் பூச்சி. இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே வேலையை முடித்துவிடுகிறது. தவிடு ஆலையிலிருந்து எண்ணெய் எடுக்கப் போகிறது. மாடு இல்லாத வீடுகள் கூடிவிட்டன. வரகும் கம்பும் விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில் தைலமரம் நிற்கிறது. அந்த மரத்தடியில் கோழி கிளற அதிகமாக எதுவும் இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தது ஏழை வீட்டுக்குப் பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதோடு அடுப்படியில் மிஞ்சுவது கம்பங்கூழும் கேப்பைக்களியும் போய் வெள்ளைச் சோறாக மட்டும் ஆகிவிட்டதைக் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டும். கோழியின் வயிறு முன்னைவிட எளிதாக நிறைகிறது. முட்டைக்கு வேண்டியதுதான் உள்ளே போகவில்லை.

அப்படியானால் புரதம் எங்கே கிடைக்கும்? புதுக்கோட்டைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு வெளியே போகவேண்டியதில்லை. முதலில் கடலை. ஆலங்குடி, கந்தர்வகோட்டை, கறம்பக்குடி வட்டாரங்களின் செம்மண்ணில் ஆடிப்பட்டமும் மார்கழிப்பட்டமும் கடலைதான். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40-க்கு மேல் புரதம். அரிசியைப் போல் ஐந்து ஆறு மடங்கு. கைக்கெட்டும் தூரத்தில் செக்கு இருக்கிறது, விலையும் கருவாட்டைவிடக் குறைவு. இதைவிட நல்ல தீனி இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் கடலையிலேயே கோழிக்கான பெரிய ஆபத்தும் இருக்கிறது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சுதான் கொன்றது. அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே வந்தது. நம் ஊரில் ஆடிப்பட்டக் கடலை பறிக்கும்போதே ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கும். ஈரத்தோடு அம்பாரமிட்ட காய், உடைந்த பருப்பு, சுருங்கிய சொத்தைப் பருப்பு ஆகியவற்றில்தான் இந்தப் பூசணம் முதலில் ஏறும். நல்ல பருப்பை விற்றுவிட்டுச் சொத்தையை மட்டும் ஆட்டி, அந்தப் புண்ணாக்கைக் 'கோழிக்குத்தானே' என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இருப்பதிலேயே கெட்ட பழக்கம் இதுதான். வேகவைத்தாலும் வெயிலில் போட்டாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது. எண்ணெயைப் பிழிந்த பின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். கோழி உடனே சாகாமல் ஈரல் கெட்டு, தீனி குறைந்து, முட்டை குறைந்து, நோய்க்கு எளிதில் இரையாகும். வீட்டுக்காரர் கண்ணேறு என்று நினைத்துக்கொள்வார். புண்ணாக்கு வாங்கினால் மாசி முதல் வைகாசி வரைக்கும் உள்ள காய்ந்த நாட்களில், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில் படாமல் உயரத்தில் வைக்கவேண்டும். ஊசல் வாடையோ, பச்சை கறுப்புப் பூப்போ தெரிந்தால் எருக்குழிக்கு அனுப்பவேண்டும். மழை மாதங்களில் புண்ணாக்கை நிறுத்திவிட்டு வேறு புரதத்துக்கு மாறுவதே என் யோசனை.

அந்த வேறு புரதம் கடற்கரையில் இருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கரைகளில் மனிதர் தின்னாத பொடிமீனும் காரலும் மணலில் காய்ந்து தீவனக் கருவாடாகப் போகின்றன. புரதம் நூற்றுக்கு 50-ஐ ஒட்டி இருக்கும். முள்ளோடு அரைபடுவதால் சுண்ணாம்பும் பாஸ்பரசும் கூடவே வரும். கடலைப் புண்ணாக்கில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. முட்டைக்கு முதலில் தட்டுப்படும் அமினோ அமிலங்கள் இவை இரண்டும்தான். மீனில் இரண்டும் நிறைய உண்டு. அதனால் ஒரு பிடிக் கருவாட்டுத்தூள் சேர்ந்தால் புண்ணாக்கின் குறையும் தீருகிறது. எச்சரிக்கை ஒன்றே: உப்புப் போட்டுக் காயவைத்த சமையல் கருவாடு கூடாது. கோழியின் முழுத் தீவனத்திலும் உப்பு அரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் தண்ணீர் தண்ணீராகக் கழியும். குஞ்சுகள் செத்தும் போகும். வாங்கும்போது நாக்கில் வைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

பயறும் இருக்கிறது. தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இந்த மாவட்டத்து வம்பனில்தான் அமைந்திருக்கிறது. வம்பன் 8 போன்ற உளுந்து ரகங்கள் அங்கிருந்து வந்தவை. பருப்பு உடைக்கும் இடங்களில் மிஞ்சும் உளுந்துக் குருணையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். வேகாத பயறில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளதால் வேகவைத்துப் போடுவது நல்லது. கொள்ளுக்கும் இதே விதி. எள்ளுப் புண்ணாக்கு கிடைத்தால் விடவேண்டாம். மெத்தியோனின் அதில் கூடுதல். ஆமணக்குப் புண்ணாக்கைக் கோழி இருக்கும் திசைக்கே கொண்டுவரக் கூடாது, அது விஷம்.

கரையானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசில்லாத புரதம் அது. பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், கடலைப்பொட்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்கு அருகில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டவேண்டும். கரையானின் காய்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். செம்மண் மேடுகளில் புற்றுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. தாய்க்கோழி கூப்பிட்டுக் காட்ட, குஞ்சுகள் கரையானை மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்குக் குஞ்சுத் தீவனத்தைப் பற்றித் தனியாக விளக்கத் தேவையில்லை. ஒரே புற்றில் நாள்தோறும் வைத்தால் வரத்து குறைந்துவிடும். இடம் மாற்றி மாற்றி வைக்கவேண்டும்.

அசோலாவுக்கு வருகிறேன். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் பரப்பிய இந்த நீர்ப் பெரணிச் செடி மாட்டுக்கு நல்ல தீனி, கோழிக்கும் கெடுதல் இல்லை. காய்ந்த அசோலாவில் நூற்றுக்கு 20 முதல் 25 வரை புரதம் என்பதும் உண்மை. ஆனால் கோழி தின்பது காய்ந்த அசோலா இல்லை. பச்சை அசோலாவில் நூறில் 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கோழி 50 கிராம் தின்றால் மூன்று கிராம்தான் காய்ந்த பொருள். அதில் புரதம் முக்கால் கிராம். தண்ணீர் கிடைக்காத கோடையில் தொட்டி நிரப்பிக் காப்பாற்றும் உழைப்புக்கு அது ஈடாகாது. கீரை என்ற அளவில் அதை மதிக்கலாம், புண்ணாக்குக்கு மாற்றாக நம்பக் கூடாது. அந்த இடத்தில் முருங்கையும் அகத்தியும் இருக்கின்றன. காய்ந்த முருங்கையிலையில் புரதம் நூற்றுக்கு 25-ஐ ஒட்டியது, கால்சியமும் நிறைய. கொத்தாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் மிதித்து வீணாக்காது. மஞ்சள்கரு நல்ல நிறமாக வருவதும் இந்தக் கீரைகளால்தான். நொய் மட்டும் தின்ற கோழியின் கரு வெளுத்திருப்பதற்கு நொய்யில் அந்த நிறமி இல்லாததே காரணம்.

சுண்ணாம்பு விஷயத்தில் கோழி நம்மைவிட விவரமானது. வெள்ளையடித்த சுவரைக் கொத்தும், நத்தை ஓட்டைத் தேடும், சில சமயம் தன் முட்டையையே உடைத்துத் தின்னும். கடைசிப் பழக்கத்துக்குக் கோழியைக் குறை சொல்லி அறுக்கும் முன் ஒரு சட்டியில் கிளிஞ்சல் வைத்துப் பார்க்கவேண்டும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி இரவில். அந்த நேரத்தில் குடலில் கால்சியம் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். ஆகவே கிளிஞ்சலைச் சாயங்காலம் தின்பதே முட்டைக்கு உதவும். மாவாக அரைத்தது விரைவில் கழிந்துவிடும். அரிசி, உளுந்து அளவுக்கு உடைத்த துண்டுகள் அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, நொறுக்கிப் போட்டாலும் அதே பலன். இதைத் தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில் வைப்பதே சரி. நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த வாரங்களிலும் குஞ்சோடு திரியும் மாதங்களிலும் அதற்கு அவ்வளவு கால்சியம் வேண்டாம். தனியாக இருந்தால் வேண்டியபோது மட்டும் எடுத்துக்கொள்ளும்.

கடைத் தீவனத்தைப் பற்றிய என் கருத்தும் இதிலிருந்தே வருகிறது. லேயர் தீவனம் நல்ல தீவனம்: புரதம் 16 முதல் 18 விழுக்காடு, கால்சியம் 3 முதல் மூன்றரை. நாமக்கல்லின் கூண்டுக் கோழி அதை நாளுக்கு 110 கிராம் தின்று ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. ஒரு முட்டைக்கு 130 கிராம் தீவனம். நம் சிறுவிடை நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இடும். அதற்கு நாளுக்கு 80 கிராம் மூட்டைத் தீவனம் போட்டால் ஒரு முட்டைக்கு 400 கிராமுக்கு மேல் ஆகிறது. முட்டைக்காக மட்டும் என்றால் நட்டம். அதே கோழியை மேயவிட்டு, சாயங்காலம் 30 கிராம் புரதம் மிகுந்த கலவை போட்டால் முட்டைக்கு 160, 180 கிராமில் முடிகிறது, முட்டையும் கூடும். பங்களாதேஷில் 1990-களில் கிராமப் பெண்களுக்குக் கொடுத்த சோனாலிக் கோழிகளை வளர்த்த முறையும் இதுதான்: பாதி மேய்ச்சல், பாதி கைத்தீனி. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் வனராஜா, கிராமப்ரியா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவற்றை வாங்கியவர்கள் மட்டும் இதைவிடத் தாராளமாகப் போடவேண்டும். கூடுதல் முட்டை இடப் பிறந்த கோழியை வெறும் மேய்ச்சலில் விட்டால் அது நாட்டுக்கோழியைவிட மோசமாகத்தான் நடந்துகொள்ளும். லேயர் தீவனத்தைக் குஞ்சுக்கும் சேவலுக்கும் வைக்கக் கூடாது. அந்தக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டில் கலப்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு இது. 10 கிலோவுக்கு, உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் நொய்யோடு கலந்து 6 கிலோ, பூப்புப் பிடிக்காத கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ, புதுத் தவிடு ஒன்றரை கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் 17 விழுக்காட்டுக்கு வரும். வீட்டில் சோறு நிறைய மிஞ்சுமானால் தானியத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம், சோறுதான் தானியம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கலந்து வைக்கவேண்டாம்.

குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் இன்னும் கெட்டியான தீனி வேண்டும், புரதம் 20 விழுக்காடு. பொதுவில் போட்டால் பெரிய கோழிகள் விடாது. பஞ்சாரத்தைக் கல் வைத்து நான்கு விரற்கடை தூக்கி, உள்ளே தட்டை வைத்தால் குஞ்சு மட்டும் நுழையும். ராபர்ட்ஸ் சொன்ன போட்டிச் சாவுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. தீனி எவ்வளவு போட்டாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொல்லை காலியாகும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமுக்குக் கூடையோடு போவதும் தீனிச் செலவைக் காப்பாற்றும் வேலைதான்.

சித்திரை வைகாசியில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வெயில் ஏறினால் கோழி தீனியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். சாதாரண நாளில் தீனியைப் போல் இரண்டு மடங்கு குடிப்பது அப்போது நான்கு மடங்குக்குப் போகும். ஓடு நீங்கலாக முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. விடியுமுன் ஒரு பங்கு, வெயில் தணிந்து ஒரு பங்கு என்று தீனியைப் பிரித்து, நடுப்பகலில் மண்சட்டித் தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் முட்டை அதிகம் குறையாது. நிழல் வேண்டும். 2018 நவம்பர் 16-இல் அடித்த கஜா புயல் கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. மரம் போன கொல்லையில் எவ்வளவு நல்ல கலவையை வைத்தாலும், கோழி பதினொரு மணிக்கு வாயைப் பிளந்துகொண்டு திண்ணையடியில் ஒண்டிவிடும். தீனித்தட்டு அப்படியே கிடக்கும். கன்று வளர்ந்து நிழல் தரும்வரை கொல்லையில் நான்கு கழி நட்டு மேலே கீற்றுப் போட்டு, தட்டையும் தண்ணீரையும் அதன் அடியில் வைக்கவேண்டியிருக்கிறது.